கல்லூரி தெரியும்... ‘கல்’ ஊர் தெரியுமா?

‘மியூசியம் போகலாமா?’ என்று உங்கள் கேங்கில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ‘மச்சி, உடம்பு சரியில்லையா?’ என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள். என் ஃப்ரெண்ட்ஸும் அதையேதான் செய்தார்கள். “ஹாலிடேல ஒகேனக்கல் போவோம், மீன் வறுவல் சாப்பிடுவோம், ஆயில் மசாஜ் பண்ணிக்குவோம். அதை விட்டுட்டு மியூசியமா?” என்று ஒரே ரகளை.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மியூசியம் என்றதும் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஸ்கூல் டூர்தானே? எழும்பூர். இரண்டு இரண்டு பேராக லைன். ‘தொடாதே... ஓடாதே... பேசாதே’ என்று மூன்று கட்டளைகள். திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ஓட்டமும் நடையுமாக முடித்துவிட்டு, தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்திருப்போம்.

ஆனால், அந்த எழும்பூர் லேசுப்பட்ட இடம் இல்லை! 1851-ல் தொடங்கிய மியூசியம் அது. இந்தியாவில் கொல்கத்தாவுக்கு அடுத்தபடியாக சீனியர். அந்த வளாகத்தில் சிவப்புக் கல்லில் அரண்மனை மாதிரி ஒரு கட்டடம் இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? 1906-ல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆனவர். ஹென்றி இர்வின் என்ற ஆர்க்கிடெக்ட் வடிவமைக்க, 1909-ல் திறந்தார்கள். விக்டோரியா மகாராணி நினைவு மண்டபமாக இருந்ததற்கு 1951-ல் புதுப் பெயர் கிடைத்தது: தேசியக் கலைக்கூடம். எழும்பூரின் பொக்கிஷ லிஸ்ட் பெரிசு. திருவாலங்காட்டு நடராஜர், சோழர் காலச் செப்புத் திருமேனிகள், அமராவதி பௌத்தச் சிற்பங்கள், ரவிவர்மா ஓவியங்கள்...

எல்லாம் சரி. அங்கே இருப்பதெல்லாம் யார்? சாமி, ராஜா, ராணி. கோயில் கட்டியவர்கள், பணம் கொடுத்தவர்கள்.

நம்ம மாதிரி ஆளுங்க எங்கே?

அதைத் தேடித்தான் உங்களை இப்போது தருமபுரிக்குக் கூட்டிப் போகப் போகிறேன். வாங்க!

செல்ஃபி எடுக்காத ஹீரோக்கள்

தருமபுரி டவுனுக்குள்ளேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ அண்ணன்களிடம் ‘கல் மியூசியம்’ என்று கேட்டால், சிலர் யோசிப்பார்கள், சிலர் உடனே வழி காட்டுவார்கள். ரொம்பப் பெரிய கட்டடமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஏ.சி. கிடையாது, கலர் லைட் கிடையாது. இருப்பதெல்லாம் கல்... கல்... கல்.

முதல் இரண்டு நிமிஷம் எனக்கும் சப்பென்றுதான் இருந்தது. ‘என்னடா இது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு’ என்று தோன்றியது. ஒரு பலகைக் கல். அதில் ஒரு ஆள். இடது கையில் வில். வலது கையில் கத்தி. முழங்கால் லேசாக மடங்கி, இப்போதே பாயப் போகிற மாதிரி ஒரு போஸ். அவ்வளவுதான்.

அப்போது அங்கே பணியில் இருந்த அண்ணன் ஒருவர் பக்கத்தில் வந்தார். “தம்பி, ஆளை மட்டும் பாக்காதீங்க. உடம்புல குத்தியிருக்கிற அம்பைப் பாருங்க. கால்கிட்ட குட்டியா மாடு இருக்கா பாருங்க. தலைக்கு மேல எழுத்து இருக்கா பாருங்க. அப்பத்தான் கதை தெரியும்” என்றார்.

பார்த்தேன். அந்த நிமிஷத்திலிருந்து எந்தக் கல்லும் இன்னொரு கல் மாதிரி இல்லை.

இவைதான் நடுகற்கள். ஊர் மாட்டை எதிரி ஓட்டிக்கொண்டு போகும்போது, அதை மீட்கப் போய் உயிரை விட்டவனுக்கு ஊர் நட்டு வைத்த கல். அந்தக் கால பாஷையில் மாட்டு மந்தைக்குப் பெயர் ‘தொறு’. செத்துப் போனான் என்பதற்கு ‘பட்டான்’. ‘இந்த ராஜாவுடைய இத்தனையாவது வருஷத்தில், இந்த ஊர்த் தொறுவை மீட்டுப் பட்டான் கல்.’ மொத்த பயோடேட்டாவும் இரண்டு மூன்று வரிதான். பல கற்களில் எழுத்து வட்டெழுத்து. நம்முடைய இன்றைய தமிழ் எழுத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாது.

‘மாட்டுக்காகவா உயிரை விட்டாங்க?’ என்று சிரிக்காதீர்கள். மாடு என்ற சொல்லுக்கே தமிழில் செல்வம் என்று ஒரு அர்த்தம் உண்டு. எங்கள் ஊர் மழை குறைவான மேட்டு நிலம், சுற்றிலும் காடு, மலை. நெல்லை நம்பிப் பிழைத்த ஊர் இல்லை, மாட்டை நம்பிப் பிழைத்த ஊர். போதாக்குறைக்கு இது எல்லைப் பகுதி. பல்லவர், கங்கர், பாணர் என்று ஆளாளுக்கு மோதிக்கொண்ட ஏரியா. மந்தை போச்சு என்றால் ஒரு ஊரின் பேங்க் பேலன்ஸ் மொத்தமாகப் போச்சு என்று அர்த்தம். போருக்கு ஆரம்பமே மாடு பிடிப்பதுதான். அதற்கு வெட்சி, மீட்பதற்குக் கரந்தை என்று ப்ளஸ் டூ தமிழில் மனப்பாடம் பண்ணினோமே... அது சிலபஸ் இல்லை ஃப்ரெண்ட்ஸ், இந்த மண்ணில் தினசரி நடந்த விஷயம்!

மாட்டுச் சண்டை மட்டும் இல்லை. இந்த வட்டாரத்தில் புலியோடு மோதி இறந்தவனுக்குப் ‘புலிக்குத்திப்பட்டான் கல்’ இருக்கிறது. காட்டுப்பன்றியோடு மோதியவனுக்கும் கல் உண்டு. கணவனோடு தீயில் இறங்கிய பெண்ணுக்குச் சதிக்கல். அதில் வளையல் போட்ட கை ஒன்று உயர்ந்து நிற்கும். அந்தக் கல் முன்னால் நின்றபோது எனக்குப் பெருமையெல்லாம் வரவில்லை. தொண்டை அடைத்தது. எல்லாக் கல்லும் கொண்டாட வேண்டிய கல் இல்லை. ஆனால், எல்லாமே நடந்தது.

நாய்க்கும் உண்டு, சேவலுக்கும் உண்டு!

நம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-வது ஆட்சியாண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. அதாவது சுமார் 1,400 வருஷம். எருமை மந்தைக்காக நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் விழுந்துவிட்டான். அவன் பக்கத்திலேயே ஒரு நாய். அதன் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்து, காவலுக்கு நின்றதாம். நாயின் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்!

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் இதையும் தாண்டி ஒன்று. சேரிக்காகச் சண்டை போட்ட ஒரு சேவலுக்கு நடுகல். கல்லில் ஆளே கிடையாது. சேவல்தான் ஹீரோ!

ஒரு ராஜா தன் பெயரை எழுதி வைப்பதில் ஆச்சரியம் இல்லை. மாடு மேய்த்தவன் பெயரையும், அவன் நாயின் பெயரையும் ஒரு ஊர் எழுதி வைத்தது பாருங்கள், அதைத்தான் என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. இதுவும் கலைக்கூடம்தான் என்று எனக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான். எழும்பூரில் இருப்பது ராஜாக்களின் கேலரி என்றால், இது சாதா ஆளுங்க கேலரி.

இதில் ராஜாவுக்கும் இடம் உண்டு. தருமபுரியின் பழைய பெயர் தகடூர். ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் இறந்தபோது, அவனுக்கு நட்ட நடுகல்லுக்கு மயில்தோகை சூட்டிக் கள் படைப்பதைப் பார்த்து ஔவையார் கலங்கிப் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. வாழ்ந்தபோது நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சின்னக் கிண்ணத்துக் கள்ளையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று கேட்கிறார். மாடு மீட்டவனுக்கும் கல், மன்னனுக்கும் கல். சாவில் ஒரே டிசைன்!

ஒரு கல், ஆறு ஸ்டேஜ்

நான் மெக்கானிக்கல் படிக்கிறேன். எதைப் பார்த்தாலும் ‘இதை எப்படிச் செஞ்சிருப்பாங்க?’ என்றுதான் புத்தி போகும். நாலு அடி உயரம், மூணு அடி அகலம், அரை அடி கனம் என்று ஒரு கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கன அடி. கருங்கல் ஒரு கன அடி ஏறக்குறைய 75 கிலோ. மொத்தம் 450 கிலோ! கிரேன் இல்லை, லாரி இல்லை. ஊரே சேர்ந்து இழுத்தால்தான் உண்டு.

அதற்கு ப்ராசஸ் சார்ட்டே போட்டு வைத்திருக்கிறது தொல்காப்பியம். காட்சி: கல்லைத் தேடிப் பார்ப்பது, அதாவது சைட் விசிட். கால்கோள்: கல்லை எடுக்க வேலையைத் தொடங்குவது. நீர்ப்படை: தண்ணீரில் கழுவிச் சுத்தம் செய்வது. நடுதல்: எரெக்‌ஷன். பெரும்படை: படையல். வாழ்த்தல்: இனாகரேஷன். எங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டில்கூட இவ்வளவு தெளிவாக ஸ்டேஜ் பிரித்தது கிடையாது!

இந்தக் கற்கள் ஏன் இத்தனை நாள் நம் கண்ணில் படவில்லை? பட்டுக்கொண்டேதான் இருந்தன. கோயில் ஓரத்தில், வரப்பில், ஏரிக்கரையில். வேடியப்பன் என்று சாமியாகக் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 1961-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை உருவான பிறகு, அதன் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி காலத்தில் செங்கம், தருமபுரி பக்கம் ஊர் ஊராகப் போய்த் தேடினார்கள். 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று புத்தகமே வந்தது. பல்லவ ராஜாக்களின் வருஷக் கணக்கைச் சரிபார்க்க இந்த மாட்டுக்காரர்களின் கற்கள் உதவின. ராஜா வரலாற்றுக்கே சாட்சி இவங்கதான்!

இன்னொரு விஷயம் உங்களுக்காகவே. 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் மூன்று நடுகற்கள் கிடைத்தன. எழுத்து தமிழ் பிராமி. கிறிஸ்து பிறப்பதற்கும் முந்தையவை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அதில் ஒன்றில் மாடு பிடி சண்டையைக் குறிக்கும் ‘ஆகோள்’ என்ற சொல்லே இருக்கிறது. கண்டுபிடித்தது தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு. அதில் ஆய்வு மாணவர்களும் இருந்தார்கள். ஆமாங்க, ஸ்டூடன்ட்ஸ்!

எங்க ஊர் அம்பயர்

இப்போது நான் உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

மியூசியத்தில் மூன்றாவதோ நாலாவதோ கல் முன்னால் நிற்கும்போது எனக்கு வயிற்றில் ஏதோ பண்ணியது. இந்த போஸை எங்கேயோ பார்த்திருக்கிறேன். வில், கத்தி, மடங்கிய முழங்கால்...

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். ஏரிக்கரைக்குக் கீழே காலியிடம். அதுதான் எங்கள் கிரவுண்ட். அதன் ஒரு ஓரத்தில் இடுப்பு உயரக் கல் ஒன்று நட்டிருக்கும். அதுதான் எங்களுக்கு ஸ்டம்ப். அதில் வில் பிடித்த ஆள் இருந்ததால், அவன் எங்களையே பார்த்துக்கொண்டு நிற்பதால், நாங்கள் வைத்த பெயர் ‘அம்பயர்’. “அம்பயர் மேல பட்டா அவுட்டு!” என்பதுதான் ரூல். ஆள் தலைக்கு மேலே கோடு கோடாக ஏதோ கிறுக்கல். அதன் மேல்தான் அடுப்புக்கரியால் ஸ்கோர் எழுதுவோம். ஆறு வருஷம். எத்தனை பந்து அவன் மேல் பட்டிருக்கும் என்று கணக்கே இல்லை.

மியூசியத்து வாசலிலிருந்தே வீட்டுக்கு போன் போட்டேன். ஆயாதான் எடுத்தது.

“ஆயா, ஏரிக்கரையில ஒரு கல்லு இருந்துச்சே...”

“வேடியப்பன் கல்லா கண்ணு?”

“அது சாமியா?”

“சாமிதான். தை மாசம் மாட்டுப் பொங்கலுக்கு எங்க மாமியார் அதுக்கு மஞ்சத்தண்ணி ஊத்திட்டுத்தான் மாட்டுக்குப் பொங்க வெப்பாங்க. நானும் வெளக்கு வெச்சிட்டு இருந்தேன். நீங்க பசங்கெல்லாம் அங்க பந்தாட ஆரம்பிச்சீங்க... வெளக்கு நிக்கல. அப்புறம் உட்டுட்டேன்.”

எனக்குப் பேச்சே வரவில்லை. ஆயா ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். கூடவே, மியூசியத்துக்கு வராமல் கலாய்த்த அதே ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர். கிரவுண்ட் இருந்த இடத்தில் கிரவுண்ட் இல்லை. கரையைப் பலப்படுத்தியபோது ஜேசிபி விட்டு மொத்தமும் மட்டம் பண்ணியிருக்கிறார்கள். வெயிலில் ரெண்டு மணி நேரம் தேடினோம். கரையின் அடிவாரத்தில், கல்லும் மண்ணுமாகக் கொட்டிக் கிடந்த குவியலில் முழங்கால் மட்டும் தெரிந்தது. அந்த மடங்கிய முழங்கால். ஆயிரம் கல்லுக்கு நடுவில் இருந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

மண்ணைக் கையாலேயே தள்ளினோம். கத்தி இருந்தது. வில் இருந்தது. காலடியில் ஒரு குட்டி மாடு. இத்தனை வருஷத்தில் நாங்கள் கவனிக்கவே கவனிக்காத மாடு. கழுத்துக்கு மேல் இல்லை. தலையும் இல்லை, எழுத்தும் இல்லை. உடைந்த இடம் மட்டும் புதுசாக, வெளுப்பாக இருந்தது.

யார் மேல் கோபப்பட? ஜேசிபி ஓட்டிய அண்ணனுக்கு அது ஒரு கல். எங்களுக்கு அது ஒரு ஸ்டம்ப். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லையே!

சாயங்காலம் வரை மேல்பாகத்தைத் தேடினோம். கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு சில்லு கிடைத்தது. அதில் ரெண்டரை எழுத்து. போட்டோ எடுத்து மியூசியத்து அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். “‘ட்டான்’ மாதிரி இருக்கு தம்பி. மைப்படி எடுத்துப் பார்த்தாத்தான் உறுதியா சொல்ல முடியும்” என்றார்.

மைப்படி என்றால், கல்லைச் சுத்தம் செய்து, அதன் மேல் ஈரமான காகிதத்தை ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்குகிற மாதிரி பிரஷ்ஷால் தட்டி, மேலே மையை ஒற்றி எடுப்பது. கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழுந்து நிற்கும்.

‘ட்டான்’. அவர் சொன்னது சரி என்றால் அது ‘பட்டான்’ என்பதன் கடைசிப் பாதி. அவன் செத்துப்போனான் என்பது மட்டும் மிச்சம். யார், எந்த ஊர், எந்த வருஷம், கூடவே நாய் ஏதாவது நின்றதா? இது எதுவும் இனிமேல் யாருக்கும் தெரியாது. அதையெல்லாம் தலைக்கு மேலேயே எழுதி வைத்துக்கொண்டு ஆறு வருஷம் எங்கள் முன்னால் நின்றான். நாங்கள் அதன் மேல் ஸ்கோர் எழுதினோம்.

கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மியூசியத்திலும் தகவல் சொல்லியாகிவிட்டது. கல் இப்போது குவியலிலிருந்து விலகி, சுற்றிலும் நாலு குச்சி நட்டு, கயிறு கட்டி, தனியாகக் கிடக்கிறது. போன வாரம் போன் பண்ணியபோது ஆயா சொன்னது: “வெளக்கு வெச்சேன் கண்ணு. தலை இல்லாட்டி என்ன, சாமி சாமிதான்.”

உங்க ஊர்ல கல் இருக்கா?

இதைப் படித்துவிட்டு நீங்கள் தருமபுரி வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும், அடுத்த லீவுக்கு உங்கள் ஊருக்குப் போகும்போது ஒரு ரவுண்டு சுற்றிப் பாருங்கள். துணி துவைக்கிற கல், பம்ப்செட் வாசற்படி, ஆலமரத்தடி... எதையும் விடாதீர்கள்.

* படம் இருக்கிற கல் கிடைத்தால் முதலில் அது நிற்கிற இடத்திலேயே, நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

* எழுத்து தெரியவில்லையா? இருட்டிய பிறகு செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்வாக அடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத கோடெல்லாம் நிழல் விழுந்து தெரியும்.

* சாக்பீஸ் தேய்க்காதீர்கள். பெயின்ட், ஆசிட் பக்கம் போகவே போகாதீர்கள். நீங்களாகத் தோண்டி எடுக்காதீர்கள்.

* கும்பிடுகிற கல்லாக இருந்தால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுக் கிட்டே போங்கள். கதை அவர்களிடம்தான் இருக்கும்.

* கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், மாவட்டத் தொல்லியல் அலுவலகம், மியூசியம்... யாரிடமாவது எழுத்து மூலமாகச் சொல்லுங்கள்.

எப்படிப் போகலாம்?

சேலம் - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது தருமபுரி. இரண்டு ஊரிலிருந்தும் அடிக்கடி பஸ் உண்டு. ரயிலும் நிற்கும். கிளம்புவதற்கு முன்னால் அகழ்வைப்பகத்தின் விடுமுறை நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரை நாள் போதும். மீதி அரை நாளில் டவுனிலேயே இருக்கும் கோட்டைக் கோயிலின் தொங்கும் தூணையும், அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களையும் பார்த்துவிடலாம். 1993-ல் தொடங்கிய கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் உண்டு. 2004 வரை கிருஷ்ணகிரியும் எங்கள் மாவட்டம்தான், அதனால் அதையும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை!

ஒகேனக்கல் மீன் வறுவல்? அதற்கும் டைம் இருக்கு. ஆனால், முதலில் கல்!